எலிக் கதை எங்களுக்கும் விளங்கும்

வன்னியில் தாய்சேய் கிளினிக்குகளை நடத்தும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

போன மாதம் உங்களில் ஒருவர் தொலைபேசியில் எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "டீச்சர், எலி, மரபணு எண்டு கர்ப்பிணித் தாய்மாரைப் பயப்படுத்தாதேங்கோ. இந்தச் சனத்துக்கு அது விளங்கவும் விளங்காது." அந்த ஒரு அழைப்போடு, கிளினிக் நாளில் பிள்ளைகளின் பிறவிக் குறைகளைப் பற்றி அரைமணி நேரம் கதைக்க எனக்குத் தந்திருந்த அனுமதி நின்றுபோனது. காரணத்தை எழுத்தில் கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை. அதனால்தான் எல்லோரும் வாசிக்கும்படி இதை எழுதுகிறேன்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். 26 வருடமாகிறது. செட்டிகுளம் முகாமில் இருந்த காலத்தில் தறப்பாளுக்குக் கீழே, கரும்பலகை இல்லாமல், மண்ணில் தடியால் கீறிப் படிப்பித்திருக்கிறேன். இந்தச் சனத்துக்கு என்ன விளங்கும், என்ன விளங்காது என்று எனக்குத் தெரியும்.

நான் அங்கே கதைத்தது ஒரே ஒரு நாள். வேப்பமரத்தடியில் 23 பெண்கள் இருந்தார்கள். கையில் இரண்டு படம் வைத்திருந்தேன். ஒன்று, வயிற்றிலும் முதுகிலும் வெள்ளைத் திட்டு விழுந்த ஒரு கறுப்புச் சுண்டெலி. மற்றது, அதே எலியின் குடல். அந்தப் படங்களை நான் ஏன் கொண்டுபோனேன் என்பது விளங்க வேண்டுமென்றால், முதலில் எங்கள் வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் தங்கச்சியின் மகள், என்னுடைய பெறாமகள், என் அண்ணாவின் மகனைக் கலியாணம் செய்தவள். மச்சானும் மச்சாளும். 2020 மார்ச் முதல் வாரத்தில் அவளுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. சுகப்பிரசவம், நல்ல நிறை. நெற்றிக்கு மேலே முன்மயிரில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை. கண் திறந்தபோது ஒரு கண் கறுப்பு, மற்றது பூனைக்கண். நெற்றியில் வெள்ளை விழுந்த மாட்டைச் சுட்டி என்பதுதானே எங்கள் ஊர் வழக்கம். சுட்டிப்பிள்ளை, அதிர்ஷ்டம் என்று வாட்டில் இருந்தவர்கள் கொஞ்சிக்கொண்டு போனார்கள்.

அன்று இரவு தங்கச்சி எனக்குப் போன் எடுத்தாள். "அக்கா, பிள்ளை இன்னும் காட்டுப்பீ போகேல்லை." பிறந்த பிள்ளை முதலில் கழிக்கும் கரும்பச்சை மலத்தை எங்கள் கிழவிகள் அப்படித்தான் சொல்வார்கள். நான் வாட்டுக்குச் சொல்லச் சொன்னேன். சொல்லியிருக்கிறாள். "பால் இறங்கேல்லை, குடிச்சாப் போகும்" என்று பதில் வந்தது. அடுத்த நாள் மத்தியானம் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். பிள்ளையின் கொப்பியில் நிறை, உயரம், தலைச்சுற்று எல்லாம் எழுதியிருந்தது. மலம் போனதா என்று ஒரு வரி இல்லை.

நிறைமாதத்தில் பிறந்த சுகமான பிள்ளைகளில் 100க்கு 90க்கு மேல் முதல் 24 மணித்தியாலத்திலேயே மலம் கழித்துவிடும். 48 மணித்தியாலத்துக்குள் அநேகமாக எல்லாப் பிள்ளைகளும். இது உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டிய விஷயம் இல்லை. உங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. தெரிந்திருந்தும் ஒருவரும் கேட்கவில்லை என்பதுதான் என் முறைப்பாடு.

மூன்றாம் நாள் வயிறு ஊதத் தொடங்கியது. நான் போய்ப் பார்த்தபோது தோல் பளபளத்து, நீல நரம்பு ஓடியது தெரிந்தது. விரலால் தட்டினால் மேளம் மாதிரிச் சத்தம். விடியப்புறம் பச்சையாக வாந்தி எடுத்தது. ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். குன்றும் குழியுமான அந்த ரோட்டில், ஒவ்வொரு குழிக்கும் பிள்ளை முனகியது இப்போதும் என் காதில் கேட்கிறது. அங்கே ஓர் இளம் டொக்டர் பிள்ளையின் குதத்தில் சின்ன விரலை வைத்துப் பார்த்து எடுத்ததும் காற்றும் மலமும் பீறிக்கொண்டு வந்தன. அவர் முகம் மாறியது. அரைமணி நேரத்துக்குள் அம்புலன்சில் தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அந்தப் பிள்ளை இன்று உயிரோடு இருப்பதற்கு அவர் காரணம். அதையும் இங்கே சொல்ல வேண்டும்.

குடலில் சிறு துண்டு எடுத்துப் பார்த்தார்கள். கடைசிப் பகுதியில் நரம்புக் கலம் இல்லை. ஹேர்ஷ்ஸ்ப்ரூங் நோய் என்றார்கள். வயிற்றில் வழி வைத்துப் பை கட்டினார்கள். மார்ச் 20ஆம் திகதி நாடு முழுக்க ஊரடங்கு. அந்தப் பை வாங்க வழியில்லாமல் பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டிச் சமாளித்தோம். 11ஆம் மாதத்தில் நரம்பில்லாத துண்டை வெட்டி எடுத்துக் குடலைப் பொருத்தினார்கள். இப்போது தானாகவே போகிறான், வருகிறான்.

முதல் நாளே பார்த்திருந்தால் அந்த மூன்று நாள் வேதனை இல்லை. இந்த நோயில் குடல் அழற்சி வந்து கிருமி இரத்தத்தில் ஏறினால் பிள்ளை போய்விடும். நாங்கள் அந்த விளிம்பில் நின்றோம்.

அடுத்து நடந்ததை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

பிள்ளையை அம்புலன்சில் ஏற்ற நின்றபோது, அங்கே வேலை செய்யும் ஒருவர் என் பெறாமகளிடம் கேட்டார்: "கிரகணத்துக்கு வெளியில போனனியோ?" 2019 டிசம்பர் 26ஆம் திகதி வடக்கில் வளையச் சூரிய கிரகணம். எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். கன்று அறுத்துக்கொண்டு ஓடியதால் பிடித்துக் கட்ட முற்றத்துக்கு இறங்கினாள், அவ்வளவுதான். நாலு நாள் பச்சை உடம்புக்காரி, நிற்கவே ஏலாத பிள்ளை, அந்த ஒரு கேள்வியோடு தலையைக் குனிந்தவள். அதற்குப் பிறகு வருடக்கணக்காக அந்தக் கன்றைப் பற்றியே கதைத்தாள். வீட்டுக் கிழவிகள் சொல்லியிருந்தால் நான் சமாளித்திருப்பேன். வெள்ளை உடுப்புப் போட்டவர் கேட்டதை எப்படி அழிப்பது?

எலிப் படத்தை நான் தூக்கியது அதற்காகத்தான்.

அந்தப் பெண்களுக்கு நான் சொன்னதை இங்கே சொல்கிறேன். பயப்படுத்துகிறதா, தைரியம் தருகிறதா என்று நீங்களே பாருங்கள்.

1966இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வுகூடத்தில் பிரிசில்லா லேன் என்ற பெண் ஒரு விஷயத்தை எழுதி வைத்தார். அங்கே வளர்த்த சுண்டெலிகளில் வெள்ளைத் திட்டு விழுந்த இரண்டு வகைகளுக்குப் பெருங்குடல் ஊதி, குட்டிகள் சின்ன வயதிலேயே செத்தன. தோலில் வெள்ளை, குடலில் அடைப்பு. இரண்டும் ஏன் சேர்ந்து வருகின்றன? விடை கிடைக்க 28 வருடம் ஆனது. 1994இல் டெக்சாஸில் மசாஷி யனகிசாவாவின் குழு இரத்தக் குழாயைச் சுருக்கும் எண்டோதீலின் என்ற பொருளை ஆராய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பொருளின் செய்தியை வாங்கும் ஒரு பரம்பரை அலகை, மரபணு என்றும் சொல்கிறோம், சுண்டெலியில் வேலை செய்யாமல் ஆக்கிப் பார்த்தார்கள். இரத்த அழுத்தம் மாறும் என்று எதிர்பார்த்திருக்கக் கூடியவர்களுக்குப் பிறந்த குட்டிகள் வேறு பதில் சொல்லின. உடம்பெல்லாம் வெள்ளைத் திட்டு. குடலின் கடைசியில் நரம்பு இல்லை. லேன் பார்த்த எலிகளில் ஒரு வகையிலும் பழுதாகி இருந்தது இதே அலகுதான்.

காரணம் என்னவென்றால், முளையத்தின் முதுகுப் பக்கத்தில், நரம்புக் குழாய் மூடும் இடத்தில், ஒரு கூட்டம் கலங்கள் பிறக்கின்றன. அவை பிறந்த இடத்தில் இருப்பதில்லை. புறப்பட்டு நடக்கின்றன. ஒரு பகுதி தோலுக்குப் போய் நிறம் கொடுக்கும் கலமாகிறது. ஒரு பகுதி உட்காதுக்குப் போகிறது, அங்கே அது இல்லாவிட்டால் காது கேட்காது. இன்னொரு பகுதி குடலின் மேல் முனையில் இறங்கி, குடல் நீளத்துக்கும் பெருகிப் பெருகி நடந்து, கடைசி முனை வரை நரம்பாகிறது. அந்த நரம்புதான் குடலை அசைத்து மலத்தைத் தள்ளுகிறது. எண்டோதீலின் செய்தி அந்தக் கலங்களுக்கு "இன்னும் பெருகு, இன்னும் போ" என்று சொல்கிறது. அந்தச் செய்தியைக் கேட்கும் அலகில் எழுத்துப்பிழை விழுந்தால் கலங்கள் பாதியில் நின்றுவிடும். எங்கள் பாடப்புத்தகத்தில் விகாரம் என்று எழுதியிருப்பதைத்தான் நான் எழுத்துப்பிழை என்று சொன்னேன்.

இதைச் சொல்லி முடிக்கும்போது, பின்வரிசையில் இருந்த ஒரு பெண், இரணைமடு வாய்க்காலின் கடைசிப் பக்கம் வயல் செய்யும் குடும்பம், எழும்பிக் கேட்டாள்: "அப்ப டீச்சர், தண்ணி கடைசி வயலுக்கு வந்து சேரேல்லை, அதுதானே?"

அதுதான். அதைவிட நன்றாக நான் எந்த வகுப்பிலும் விளக்கியதில்லை. தண்ணீர் மேலேயிருந்து கீழே வருவதால் காய்வது எப்போதும் கடைசி வயல். நரம்புக் கலம் மேலேயிருந்து கீழே வருவதால் வெறுமையாக இருப்பது எப்போதும் குடலின் கடைசிப் பகுதி.

அவள் நிற்கவில்லை. "அப்ப ஊதின இடத்திலதான் பழுதோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். ஊதிய இடம் நல்ல குடல். சுருங்கிக் கிடக்கும் இடம்தான் நரம்பில்லாதது. வாய்க்கால் அடைபட்டால் அடைப்புக்கு மேலேதானே தண்ணீர் கட்டும்? இந்த நோய்க்குத் தன் பெயரைக் கொடுத்த டென்மார்க் டொக்டர் ஹேர்ஷ்ஸ்ப்ரூங் 1886இல் இதைப் பற்றிப் பேசியபோது, ஊதிய குடலைத்தான் நோய் என்று நினைத்தார். சுருங்கிய துண்டை வெட்டி எடுக்க வேண்டும் என்று தெளிந்து சத்திரசிகிச்சை செய்து அது வெளிவர 1948 ஆனது. டொக்டர்மாருக்கு 60 வருடம் எடுத்த ஒரு கேள்வியை வேப்பமரத்தடியில் ஒரு தாய் ஒரே மூச்சில் கேட்டாள். அந்தச் சனத்தைப் பற்றித்தான் விளங்காது என்று எனக்குச் சொன்னீர்கள்.

இப்போது கிரகணத்துக்கு வருகிறேன். சுண்டெலிக்குக் கர்ப்பகாலம் கிட்டத்தட்ட 20 நாள். இந்த அலகை வேண்டிய நாளில் திறக்கவும் மூடவும் கூடிய எலிகளை உருவாக்கிப் பார்த்த ஆய்வு ஒன்று 1999இல் வந்தது. 10ஆம் நாளுக்கும் பன்னிரண்டரை நாளுக்கும் இடையில் அலகு வேலை செய்தால் போதும். அந்த இரண்டரை நாளில் வாய்க்கால் துருசு திறக்காவிட்டால் பிறகு எத்தனை நாள் திறந்து வைத்தாலும் பயன் இல்லை. மனிதரில் அந்தக் கலங்கள் கருவின் நாலாம் கிழமை போல் குடலுக்குள் இறங்கி ஏழாம் கிழமை போல் கடைசி முனையைத் தொடுகின்றன. எங்கள் பிள்ளைக்குக் கணக்குப் பார்த்தேன். 2019 ஆடி மாதம். ஆடியிலேயே முடிந்துபோன காரியம் அது. மார்கழியில் வந்த கிரகணத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? கன்று அறுத்துக்கொண்டு ஓடிய அன்று, அந்தக் கலங்கள் குடலில் நடந்து முடிக்க வேண்டிய காலம் போய் ஐந்து மாதம் ஆகிவிட்டது.

இதைத் தாளில் நாள் நாளாகக் கீறி என் பெறாமகளுக்குக் காட்டினேன். ஆடிக்கு ஒரு கோடு, மார்கழிக்கு ஒரு கோடு. நெடுநேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மடித்துச் சட்டைக்குள் வைத்தாள். அழுதாள். கன்றைப் பற்றிப் பிறகு அவள் கதைக்கவில்லை. அதைத்தான் மற்றத் தாய்மாருக்கும் செய்ய வந்தேன்.

எலி வேறு, மனிதர் வேறு என்று உங்கள் பக்கத்தில் ஒருவர் சொன்னதாகவும் அறிந்தேன். உண்மை, வேறுதான். எலியில் இந்த அலகின் ஒரு பிரதி பழுதானால் மற்றப் பிரதி சமாளித்துவிடும், இரண்டும் பழுதானால்தான் நோய். மனிதரில் ஒரு பிரதி பழுதானவருக்கும் சிலவேளை நோய் வரும், வராமலும் போகும். ஆனால் அதே 1994இல் அமெரிக்காவில் தங்களுக்குள்ளேயே கலியாணம் செய்து வாழும் மெனனைட் சமூகத்தின் ஒரு பெரிய குடும்பத்தில், இதே அலகின் எழுத்துப்பிழை மனிதரில் கண்டுபிடிக்கப்பட்டது. அவர்களிலும் சிலருக்கு வெள்ளை முன்மயிர் இருந்தது, சிலருக்குக் காது கேட்கவில்லை. இது ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. மனிதரில் இந்த நோய்க்கு அதிகம் காரணமாகும் அலகு ரெட் என்பது. அதைச் சுண்டெலியில் முழுதாக நிறுத்தினால் குடல் நரம்போடு சிறுநீரகமும் உருவாகாது, குட்டி பிறந்து ஒரு நாள் தாண்டாது. ஓர் அலகு, இரண்டு உறுப்பு. குடல் பழுதோடு பிறந்த பிள்ளைக்குச் சிறுநீரகத்தையும் ஸ்கான் பண்ணிப் பார்ப்பது நல்லது என்று எனக்கு விளங்கியது இந்த எலியிடமிருந்துதான்.

எங்கள் பிள்ளையின் காதை ஒருவரும் பார்க்கவில்லை. வெள்ளை மயிர், பூனைக்கண், நரம்பில்லாத குடல், மூன்றும் ஒரே உடம்பில். தோலுக்குப் போகாத கலம் காதுக்கும் போகாமல் இருந்திருக்கலாம் என்ற எண்ணம் வர வேண்டிய இடம் கிளினிக். ஒவ்வொரு மாதமும் கொண்டுபோனோம். நிறை பார்த்தார்கள், ஊசி போட்டார்கள். "கூப்பிட்டாத் திரும்பிறான் இல்லை" என்று தாய் சொன்னபோது, "ஆம்பிளைப் பிள்ளையள் கதைக்கப் பிந்தும்" என்றார்கள். நானும் பிந்தித்தான் யோசித்தேன். படித்தவளாக இருந்தும் பிந்தினேன், அந்தக் குற்றம் எனக்கும் உண்டு. 2022இல், பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில், இரண்டரை வயதில்தான் சோதித்தோம். இரண்டு காதும் கடுமையாகக் குறைவு. பிறந்து ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் உதவி என்பது உலகத்தில் ஏற்றுக்கொண்ட கணக்கு. எங்கள் பிள்ளைக்கு மூன்று வயதில் கருவி கிடைத்தது. பேச்சுப் பழகும் பருவத்தில் பெரும்பகுதி போய்விட்டது. இந்த வருடம் முதலாம் வகுப்பு. என்னைக் கூப்பிடும் சொல் "அம்மம்மா" என்று வராது, "அம்மா... மா" என்று உடைந்துதான் வரும்.

இன்னொன்று. எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை குறையோடு பிறந்தால் கிரகணத்துக்கு அடுத்தபடி சொல்வது 2009. என் பெறாமகள் முள்ளிவாய்க்காலில் 12 வயதுப் பிள்ளை. "அந்தப் புகையைக் குடிச்சவளுக்கு வேற எப்பிடிப் பிறக்கும்" என்று அவள் காதுபடச் சொன்னார்கள். அந்தப் புகை ஒருவருக்கும் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். நானும் அங்கே நின்றவள். ஆனால் எங்கள் குடும்பத்தின் வெள்ளைச் சுட்டி போருக்கு முந்தியது. என் அப்பாவுக்கு இருந்தது. கமத்தில் தலைப்பாகை கட்டினாலும் முன்னால் வெள்ளை தெரியும், "சுட்டியர்" என்றுதான் ஊர் கூப்பிடும். அவருடைய மகள்தான் பிள்ளையின் அம்மம்மா. அவருடைய மகன்தான் பிள்ளையின் அப்பப்பா. இரண்டு பக்கத்தாலும் அவர் இரத்தம் அந்தப் பிள்ளையில் கூடியிருக்கிறது. அந்த எழுத்துப்பிழை எனக்குள்ளும் இருக்கலாம்.

அப்பாவின் படம் ஒன்றுகூட மிச்சமில்லை. இடம்பெயர்வில் எல்லாம் போய்விட்டது. அவரை நேரில் கண்ட கிழவிகள் ஊரில் மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களும் போனபின் இதைச் சொல்ல ஆள் இல்லை. வன்னியில் எத்தனையோ குடும்பத்துக்கு இதே நிலைதான். ஆவணம் எரிந்துவிட்டது, சொல்லக்கூடிய பெரியவர்களில் பாதிப்பேர் செத்துவிட்டார்கள். என் பெறாமகளின் கர்ப்பக் கொப்பியில் இரத்த உறவுத் திருமணமா என்ற இடத்தில் "ஆம்" என்று எழுதியிருக்கிறது. அதற்குப் பின் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. மச்சான் மச்சாள் கலியாணத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. இத்தனை இழப்புக்குப் பிறகு மிச்சமிருந்த சொந்தத்தைத்தானே ஒன்றோடொன்று கட்டிவைத்தோம். ஆனால் "ஆம்" என்று எழுதியவர் அடுத்த கேள்வியையும் கேட்டிருக்க வேண்டும்.

இப்போது அவள் மறுபடியும் கர்ப்பம். மூன்றாம் மாதம். "பெரியம்மா, இதுக்கும் வருமோ?" என்று என்னிடம் கேட்கிறாள். தாயிலும் தகப்பனிலும் ஒவ்வொரு பிழைப் பிரதி இருந்து இரண்டும் சேர்ந்ததுதான் காரணம் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. வேறு அலகு என்றால் கணக்கே மாறும். எந்த அலகு என்று எங்கள் பிள்ளைக்கு இதுவரை ஒருவரும் இரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. எங்கே கேட்பது என்றும் சொல்லவில்லை. கிளினிக்கில் கேட்டதற்கு "கடவுளைக் கும்பிடுங்கோ" என்றார்களாம். கும்பிடுகிறோம். அதோடு பதிலும் வேண்டும்.

பயப்படுத்துவதாகச் சொன்னீர்கள். அன்று அந்த 23 பேரில் ஒருவரும் எழும்பிப் போகவில்லை. முடிந்தபிறகு நாலு பேர் என்னிடம் தனியே வந்தார்கள். ஒருத்தி, தன் முதல் பிள்ளை ஒன்பதாம் நாள் வயிறு ஊதிச் செத்ததைச் சொன்னாள். என்ன நோய் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. என்னாலும் சொல்ல முடியாது. மாமியார் அவளை அன்றிலிருந்து முழுவியளத்துக்குக்கூட முன்னால் வரவிடுவதில்லையாம். என் கையில் இருந்த எலிப் படத்தை வாங்கி, அந்த ஊதிய குடலில் விரலை வைத்து, "இது அந்தத் தாய் எலி செய்த பிழை இல்லைத்தானே டீச்சர்?" என்று கேட்டாள்.

ஆகவே நான் உங்களிடம் கேட்பவை இவை.

பிறந்த பிள்ளை முதல் மலம் கழித்த நேரத்தைக் கொப்பியில் எழுதாமல் துண்டு வெட்ட வேண்டாம். 24 மணித்தியாலம் தாண்டியும் போகவில்லை என்றால் டொக்டர் ஒருவர் கைவைத்துப் பார்க்க வேண்டும். பச்சை வாந்தியோ வயிறு ஊதுவதோ இருந்தால் நேரம் பார்க்காமல் சத்திரசிகிச்சை வசதி உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும். வீட்டுக்கு வரும் மிட்வைஃப் கேட்கும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும். இதற்குப் புதிய மெஷின் எதுவும் வேண்டாம், ஒரு பேனை போதும்.

காதுச் சோதனைக்கு மெஷின் வேண்டும். வன்னியில் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மாதத்துக்குள் அது கிடைக்க வழி செய்யுங்கள். அது வரும்வரை, வெள்ளை முன்மயிரோ நிறம் மாறிய கண்ணோ உள்ள பிள்ளையையும், குடும்பத்தில் காது கேளாதவர் உள்ள பிள்ளையையும் நீங்களே கடிதம் எழுதி அனுப்புங்கள். தாய் வந்து கேட்கும்வரை பார்த்திருக்க வேண்டாம்.

இரத்த உறவு என்று எழுதும் இடத்தில் குடும்பக் கதையையும் எழுதுங்கள். யாருக்கு எந்தக் குறை, எத்தனை பிள்ளை தவறியது, எந்தப் பாட்டனுக்குச் சுட்டி. கிழவிகள் இருக்கும்போதே கேளுங்கள். கொழும்பு மருத்துவ பீடத்தில் மனித மரபியல் பிரிவு ஒன்று இயங்குகிறது. இங்கேயிருந்து இரத்த மாதிரி அங்கே போகவும், முடிவு தமிழில் விளங்கும்படி தாய்க்கு வந்து சேரவும் ஓர் ஒழுங்கு செய்யுங்கள். என் பெறாமகளின் பிள்ளையிலிருந்து தொடங்குங்கள், அவளுக்கு நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

குறையோடு பிறந்த பிள்ளையின் தாயிடம் கிரகணம், பார்வை, செய்வினை என்று உங்கள் ஊழியர் ஒருவரும் கேட்கக் கூடாது என்று எழுத்தில் அறிவியுங்கள். அந்த அறிவித்தலை வாட்டுச் சுவரில் தமிழில் ஒட்டுங்கள், தாய்மாரும் வாசிக்கட்டும்.

கிளினிக்கில் கதைக்க எனக்குத் தந்த அனுமதியைத் திருப்பித் தாருங்கள். நான் சொல்வதில் பிழை இருந்தால் உங்கள் டொக்டர் ஒருவர் பக்கத்தில் இருந்து திருத்தட்டும், சந்தோஷமாக ஏற்றுக்கொள்வேன். அடுத்த கிளினிக் நாள் வருகிற மாதம் இரண்டாம் புதன்கிழமை. அதற்கு முன் எழுத்தில் பதில் தாருங்கள். அந்த ஒன்பதாம் நாள் பிள்ளையின் தாய் அன்றைக்குத் தன் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

ஓர் உயிரியல் ஆசிரியை
முல்லைத்தீவு மாவட்டம்